ஆனியா, மார்கழியா? யாழ்ப்பாணத்தாரின் சிதம்பர யாத்திரைக் கணக்கு

எங்கள் வீட்டில் பழைய தகரப்பெட்டி ஒன்றில் ஒரு தபாலட்டை இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஐப்பசியில் சிதம்பரத்திலிருந்து வந்தது. எழுதியவர் அங்கே எங்கள் ஊரார் கட்டிய மடத்தின் மனேச்சர். திருவாதிரைக்கு மூன்று பேருக்கு அறை ஒதுக்கப்பட்டுள்ளது, பாத்திரங்கள் மடத்தில் உண்டு, போர்வை மட்டும் கொண்டுவரவும் என்பதே செய்தி. அந்த மூன்று பேரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன். அதற்குமுன், சிதம்பரம் போவதென்றால் யாழ்ப்பாணத்தார் போட்ட கணக்கு என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும்.

சைவ மரபில் கோயில் என்றாலே சிதம்பரம். 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற நந்தனாரின் கதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பாலபாடத்தோடு வந்தது. என் ஆச்சியின் தலைமுறைக்குக் காசிகூட இரண்டாவது ஆசைதான். வாழ்வில் ஒரு தடவை தில்லைக்குப் போய் நடராசரைக் கண்டுவிட வேண்டும். எப்போது போவது, எங்கே தங்குவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக நடந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

முதலாவது கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர் சோதிடர் அல்லர், காற்று. நடராசர் ஆண்டில் இரண்டு தடவை மட்டும் சிற்சபையை விட்டு வெளியே வந்து, தேரேறி, ஆயிரங்கால் மண்டபத்தில் அபிடேகம் கொள்கிறார். ஒன்று ஆனி உத்தரம், மற்றது மார்கழித் திருவாதிரை. இரண்டும் கடலோடிகளுக்குக் கடினமான காலங்களில் வருவது ஒரு வேடிக்கை. ஆனியில் சோழகம் வீசும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று காங்கேசன்துறையிலிருந்தோ வல்வெட்டித்துறையிலிருந்தோ பாய்விரித்த தோணியை நாகபட்டினம் நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வருவதுதான் பாடு. மார்கழியில் வாடை. வருவதற்கு அது உதவும், போவதற்கு எதிரி. அதற்குமுன் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் புயல் எப்போது எழும் என்று எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே திருவாதிரை காண விரும்பியவர்கள் மார்கழியில் புறப்பட முடியாது. என் ஆச்சியின் ஆச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், புரட்டாதியில் தோணியேறி மாசியில் திரும்பினார் என்பது எங்கள் வீட்டில் வழிவந்த செய்தி. ஐந்து மாதம்! ஒரு விழாவின் பத்து நாளுக்காக அரை வருடம் அந்நிய ஊரில் இருப்பது. அப்படி இருக்கவேண்டுமானால் கூரை வேண்டும், அடுப்பு வேண்டும், நோய் கண்டால் பார்க்க ஊர்ச்சனம் வேண்டும். இரண்டாவது கேள்வி முதலாவது கேள்வியின் வயிற்றில் பிறந்தது என்று நான் நினைப்பது இதனால்தான். சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தார் மடங்கள் எழுந்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், காற்று இன்னொரு காரணம்.

இந்த உறவு பழையது. போர்த்துக்கேயர் காலத்தில், அதிகாரியின் உணவுக்குப் பசு கொடுக்கவேண்டிய முறை தனக்கு வந்தபோது அதற்கு உடன்படாமல் இரவோடிரவாக ஊரை விட்டு நீங்கியவர் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்பது மரபுவழிச் செய்தி. பின்னர் துறவியாகிச் சிதம்பரத்தில் தங்கிய அவர் பெயரால் அங்கே ஒரு திருக்குளம் இருக்கிறது. 1864இல் ஆறுமுக நாவலர் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வண்ணார்பண்ணையில் ஏற்கெனவே ஒரு பாடசாலை நடத்திக்கொண்டிருந்தவர் கடல் கடந்து இரண்டாவதை அங்கே வைத்தது, யாழ்ப்பாணத்தார் அந்த ஊரை வெளியூராக எண்ணவில்லை என்பதற்குப் போதிய சான்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்ற விபுலாநந்த அடிகளும் அதே வழியில் போனவரே.

மடங்கள் எப்படி நடந்தன? பெரும்பாலும் யாழ்ப்பாணத்து மண்ணால். தென்னங்காணி ஒன்றை, வயல் துண்டொன்றைத் தருமசாதனம் எழுதி, அதன் வருமானத்தை ஆண்டுதோறும் சிதம்பரத்துக்கு அனுப்புவது வழக்கம். எங்கள் ஊரில் இன்றும் ஒரு பனங்காணியைக் 'சிதம்பரத்துக் காணி' என்றே சொல்வார்கள். அங்கே ஓலை வெட்டியவர் இங்கே யாத்திரிகர் உண்ட சோற்றுக்கு விலை கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மடங்களின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஊரும் சாதியும் பார்த்தே பல மடங்களில் அறை கிடைத்தது. ஓலை வெட்டியவருக்கு அந்த அடுப்படியில் இடம் இருந்திருக்காது. கோயிலுக்குள்ளேயே அவர் போகச் சட்டம் வந்தது 1947இல்தான். நந்தனாரைப் பாடிக்கொண்டே நந்தனாரை வாசலில் நிறுத்தியவர்கள் நாங்கள்.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து மீண்டும் புகையிரதம். 'போட் மெயில்' என்று எங்கள் முன்னோர் செல்லமாக அழைத்த பாதை இதுதான். யாழ்ப்பாணத்தான் நிலைமை கொஞ்சம் வினோதமானது. நேர் எதிரே கரை இருக்க, அவன் தெற்கே மதவாச்சி வரை போய், வண்டி மாறி, வடமேற்கே தலைமன்னாருக்கு ஏறவேண்டும். அதை எவரும் முறையிடவில்லை. ஏனென்றால், காற்று தன் அதிகாரத்தை முதன்முறையாக இழந்திருந்தது. மார்கழியில் புறப்பட்டு மார்கழியிலேயே திரும்பலாம். ஐந்து மாதம் பத்து நாளாயிற்று. மடத்தில் அடுப்பு மூட்டியிருந்து வாழ்ந்தவர்கள் அறையில் பெட்டியை வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுபவர்கள் ஆனார்கள். 1947 டிசெம்பரில் எயார் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. ஆனால் அது காசுள்ளவர்களுக்கானது. சாதாரண சனத்துக்குக் கப்பல்தான்.

சுதந்திரத்துக்குப் பின் கடவுச்சீட்டு, விசா என்பன வந்தன. 1953இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சிதம்பரத்துக் காணியின் வருமானத்தைச் சிதம்பரத்துக்கு அனுப்புவது இலகுவான காரியமாக இருக்கவில்லை. மடங்கள் தளர்ந்தது போரினால் என்று பலர் எழுதுகிறார்கள். என் கணிப்பில் போருக்கு முன்பே, மணியோடரும் வங்கிப் படிவமும் அந்த வேலையைத் தொடங்கிவிட்டன.

இனித் தபாலட்டைக்கு வருகிறேன். என் அம்மப்பா அரசாங்கக் கிளாக்கர். அரச ஊழியருக்குரிய புகையிரத 'வொரண்ட்' தலைமன்னார் வரை செலவில்லாமல் கொண்டுபோய்விடும். 1964 மார்கழித் திருவாதிரைக்குத் தானும் அம்மம்மாவும் என் அம்மாவுமாகப் போவதென்று ஐப்பசியிலேயே மடத்துக்கு எழுதி அறையும் பெற்றுவிட்டார். அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. டிசெம்பரில் சாதாரணதரப் பரீட்சை. அம்மம்மா பரீட்சையைப் பார்த்தார், அம்மப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். இரண்டு நாள் வீட்டில் கதைவழிப்பட்டு, கடைசியில் யாத்திரை வருகிற ஆனிக்குத் தள்ளப்பட்டது. அம்மா அழுதாராம்.

அந்த ஆண்டு மார்கழிப் பௌர்ணமி டிசெம்பர் 19இல் வந்தது. திருவாதிரையும் அதையொட்டியே. 22ஆம் திகதி புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக்குநீரிணைக்குள் இறங்கியது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் வண்டி நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. தனுஷ்கோடி என்ற ஊரே மறுநாள் இல்லை. திருவாதிரை கண்டு இலங்கைக்குத் திரும்புபவர் வரவேண்டிய திசை அதுவே. மடத்தில் மூன்றாம் நாள் அறையை ஒப்படைப்பதென்பது அம்மப்பாவின் திட்டம். அவர் விரல் மடித்து நாள் எண்ணிப் பார்த்ததை அம்மா கண்டிருக்கிறார். ஒரு தடவை எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார், பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். 1965 ஆனி வந்தது, போனது. அவர் சிதம்பரம் என்ற பேச்சை எடுக்கவில்லை. 1967இல் காலமானார்.

பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே 'இராமானுஜம்' கப்பல் ஓடியது. அம்மா கலியாணம் முடித்தார், நான் பிறந்தேன், தம்பி, தங்கைகள் பிறந்தார்கள். செலாவணி கிடையாத எழுபதுகள் போயின. 1984இல் கப்பலும் நின்றது. 1990இல் காங்கேசன்துறையும் பலாலியும் சனங்கள் நுழைய முடியாத வலயமாயின. மார்கழியில் விடியற்காலை தெருவில் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழுந்து, திருவெம்பாவை பாடி, போக முடிந்த ஆண்டுகளில் காரைநகர்ச் சிவன் கோயிலுக்குப் போய்த் திருவாதிரை காண்பார் அம்மா. ஈழத்துச் சிதம்பரம் என்று அதற்குப் பெயர். போக இயலாதவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சிதம்பரம்.

2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. நாற்பது ஆண்டுக்குப் பின் சேவை மீண்டது என்று பல செய்தித்தாள்கள் எழுதின. நாற்பது ஆண்டுக்குமுன் நின்றது தலைமன்னார்க் கப்பல் என்பதைச் சக பத்திரிகையாளர்களுக்கு நினைவூட்ட இதை ஒரு வாய்ப்பாகக் கொள்கிறேன். அதைவிட எனக்குச் சுவையாக இருந்தது வேறு. ஒரு வாரத்துக்குள் பருவக்காற்றைக் காரணங்காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. இயந்திரக் கப்பலும் கடைசியில் என் ஆச்சியின் ஆச்சி வைத்திருந்த அதே நாட்காட்டிக்கு வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கப்பல்தான் வேண்டும் என்றார். திருவாதிரைதான் வேண்டும் என்றும் சொன்னார். இரண்டும் சேராது என்று விளக்கினேன்.

"மார்கழியிலை போகாட்டில் அது சிதம்பரமே, தம்பி?" என்றார்.

நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். நடராசருக்கு ஆண்டில் ஆறு அபிடேகங்கள். பெரிய இரண்டு போக மீதி நான்கு கனகசபையில் நடக்கும். ஆவணி வளர்பிறைச் சதுர்த்தசி அவற்றில் ஒன்று. தேர் கிடையாது, கூட்டம் குறைவு, கப்பல் ஓடும். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்பா இதைக் கவனிக்கேல்லைப் போலை" என்றார்.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் போனோம். நாலு மணிநேரக் கடல். அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்து ஒரு சொல்லும் பேசாமல் வந்தார். நாகபட்டினத்திலிருந்து மாலைக்குள் சிதம்பரம். மடத்தில்தான் தங்கவேண்டும் என்பது அவர் ஆசை. நான் முன்பே ஆள் வைத்து விசாரித்ததில் அங்கே தங்குவதற்கில்லை என்று தெரிந்தது. எனவே தேரோடும் வீதிக்கு அருகே மின்தூக்கி உள்ள ஒரு விடுதியில் அறை எடுத்தேன். அவர் முழங்காலுக்கு அது வேண்டியிருந்தது.

அபிடேகத்துக்கு மறுநாள் மடத்தைத் தேடிப் போனோம். முன்பக்கம் ஒரு கடை. பக்கவாட்டு ஒழுங்கையால் போனால் முற்றம், கிணறு, வரிசையாக ஏழெட்டு அறைகள். இரண்டில் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பெண்மணி எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்து, "சிலோன்காரங்களா?" என்றார். சுவரில் உபயகாரர் பெயர் பொறித்த கல் ஒன்று சுண்ணாம்பு மூடி இருந்தது. அம்மா தன் கைப்பையிலிருந்து அந்தத் தபாலட்டையை எடுத்து அவரிடம் காட்டினார். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, முழுவதும் படித்து, எந்த அறை என்று அதில் எழுதவில்லையே என்றார். பிறகு தன் அறைக் கதவைத் திறந்து, உள்ளே வந்து இருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அம்மா போய் இருந்தார். அரை மணிநேரம் இருந்திருப்பார்.

திரும்பி வருகையில் சோழகம் அடங்கவில்லை. கப்பல் நன்றாக ஆடியது. காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியத் தொடங்கியபோது அம்மா என் கையைத் தட்டி, பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் மார்கழியில் ஓடுமா என்று கேட்டார்.