சேகரமும் சுற்றுவட்டாரமும்: தில்லி மழலைப் பள்ளிச் சேர்க்கையின் முன்வரலாறு

மூன்று வயதுக் குழந்தைகள் பலர். பள்ளியில் இடங்கள் சில. எந்தக் குழந்தைக்கு இடம், எந்தக் குழந்தைக்கு இல்லை என்பதை யார், எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்வது? தில்லியில் குளிர்காலம்தோறும் இக்கேள்வி எழுகிறது. கடைசித் தேதி, மதிப்பெண் பட்டியல், குலுக்கல் என்ற அளவில் நாளிதழ்கள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்த மதிப்பெண் பட்டியலுக்குள் மிகப் பழைய இரு கருத்துகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கொண்டிருக்கின்றன. பள்ளி, அதை நடத்தும் சமூகத்துக்கு உரியது என்பது ஒன்று. அது நிற்கும் நிலப்பகுதியின் மக்களுக்கு உரியது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதிய இடம் தில்லியின் சிறுபான்மைப் பள்ளிகள், குறிப்பாகத் திருச்சபைகளின் பள்ளிகள். எனவே கதையைத் திருச்சபையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபையின் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்னையில் ஒரு வேர் உண்டு. 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நிறுவப்பட்ட இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல். நம்மூர்த் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையும், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் தம் இல்லத்தில் புகுத்தினார். 1797-ல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர்பெற்ற அதனைக் கைக்கொண்டுதான், ஏழைகளுக்குத் திருச்சபைக் கோட்பாட்டின் வழியே கல்வி அளிக்கும் தேசியச் சங்கம் 1811-ல் இலண்டனில் தொடங்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் 4,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் அத்திருச்சபையைச் சார்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். எழும்பூரில் சேர்க்கைக்கான தகுதி தந்தையின் தொழிலும் அவனது மரணமுமாக இருந்தது. இங்கிலாந்தில் அது சேகரமாக மாறியது.

'சேகரம்' என்ற சொல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு நன்கு தெரிந்தது. ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி அது. இங்கிலாந்தில் இதற்கு இணையான அலகுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அது ஒரு நிலப்பரப்பு. அரசின் திருச்சபையாதலால், கோயிலுக்கு வருபவனோ வராதவனோ, அந்த எல்லைக்குள் வாழ்பவர் எல்லாருமே குருவானவரின் பொறுப்பு என்பது அங்குள்ள பழைய கொள்கை. அப்படியானால் திருச்சபைப் பள்ளி யாருடையது? எல்லைக்குள் வாழும் எல்லாக் குழந்தைகளுடையதா, ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வரும் குடும்பங்களுடையதா? 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதற்கு விடை சொல்லாமல், பள்ளிகளை இருவகையாகப் பிரித்தது. ஒருவகையில் சேர்க்கையைத் தீர்மானிப்பது உள்ளாட்சி. மற்றவகையில் பள்ளியின் ஆட்சிக்குழு. இரண்டாம் வகைப் பள்ளியில் இடத்தை விடக் கேட்போர் மிகும்போது மட்டும், சமயப் பற்றை முன்னுரிமையாகக் கொள்ளலாம். அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கு முதலிடம். பிறகு ஆராதனைக்கு ஒழுங்காக வருவதாகக் குருவானவர் கையொப்பமிட்ட படிவம், உடன்பிறந்தோர், வீட்டின் தூரம் என்று ஒவ்வொரு பள்ளியும் தன் வரிசையை வகுக்கிறது. சமய அளவுகோலையே வைத்துக்கொள்ளாத திருச்சபைப் பள்ளிகளும் பல உள்ளன. இடம் கிடைக்கும்வரை மட்டும் முழங்காற்படியிடும் பெற்றோரைப் பற்றி ஆங்கிலேயரே கேலி பேசிக்கொள்வார்கள். சேர்க்கைக்காக ஓராண்டு பக்தி வளர்ப்பது அங்கே அறியப்பட்ட சமூக வழக்கம்.

தில்லியில் இந்தத் திருச்சபையின் நிலை தலைகீழானது. கேம்பிரிட்ஜ் மிஷன் 1881-ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியைத் தொடங்கியபோது, ஆங்கிலிக்கன் சமயம் ஆள்வோரின் சமயம். 1970 நவம்பர் 29 அன்று வட இந்தியத் திருச்சபை உருவாகி ஆங்கிலிக்கன் சபைகளும் அதில் இணைந்தபோது, அது ஒரு சிறுபான்மையின் சமயம். அதே கட்டடம், அதே மணி, அதே சீருடை; ஆனால் சேர்க்கை உரிமையின் சட்ட அடித்தளம் முற்றிலும் வேறு. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபை என்ற தகுதியில் வந்த அதிகாரம், இங்கே அரசமைப்பின் 30(1) பிரிவிலிருந்து, எளியோரின் பாதுகாப்பாக வருகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கவனிக்காமல் எழுதப்படும் கல்வி வரலாறுகள் மிஷன் பள்ளிகளைக் காலனியத்தின் எச்சம் என்றோ, சிறுபான்மை உரிமையின் சின்னம் என்றோ ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதுதான் சிக்கல்.

அச்சிக்கல் முதலில் வெடித்தது கல்லூரிச் சேர்க்கையில். 1980-ல் தில்லிப் பல்கலைக்கழகம், சேர்க்கை மதிப்பெண் அடிப்படையில் மட்டுமே நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. நேர்முகத்தையும் கிறிஸ்தவ மாணவருக்கான முன்னுரிமையையும் கைவிட மறுத்துச் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்குத் தொடுத்தது. 1991 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கல்லூரிக்கு அவ்வுரிமை உண்டு என்றது. ஆனால் அரசு உதவி பெறும் நிறுவனம் தன் சமூகத்துக்கு ஒதுக்கும் இடங்கள் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் வகுத்தது. உதவி பெறும் நிறுவனத்தில் சமயம் காரணமாக எவருக்கும் இடம் மறுக்கக்கூடாது என்னும் 29(2) பிரிவுக்கும் 30(1) பிரிவுக்கும் இடையே நீதிமன்றம் கண்ட சமரசம் அது. 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு அந்த 50 விழுக்காட்டை விறைப்பான எண்ணாக ஏற்கவில்லை. விழுக்காட்டைச் சூழலுக்கேற்ப அரசு வரையறுக்கலாம் என்றது. தன் சமூகத்துக்கு இடம் ஒதுக்குவது உரிமை என்பது நிலைத்தது. எவ்வளவு என்பதே தொடர்ந்து கேள்விக்குள்ளானது.

இனி மழலையருக்கு வருவோம். 1973-ஆம் ஆண்டுத் தில்லிப் பள்ளிக் கல்வி விதிகளின் 145-ஆம் விதி, அரசு உதவி பெறாத அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் சேர்க்கையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தலைமையாசிரியரிடம் விட்டது. தேர்வு வைத்தோ, முந்தைய வகுப்பின் முடிவைக் கொண்டோ சேர்க்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு முந்தைய வகுப்பு ஏது? எனவே தேர்வு, நேர்முகமாயிற்று. வண்ணங்களின் பெயர் சொல்லும் குழந்தை, ஆங்கிலத்தில் பதில் சொல்லும் தாய், தந்தையின் பதவி ஆகியவை அளக்கப்பட்டன. இதற்கு எதிராக 2004-ல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வந்த மேல்முறையீட்டில் எதிர்த்தரப்பின் முதற்பெயர், கத்தோலிக்கத் துறவுச் சகோதரர்கள் நடத்தும் மான்ட்ஃபோர்ட் பள்ளி. அந்த ஒரு பள்ளியின் சிக்கலாக நின்றுவிடாமல், நகரத்தின் சேர்க்கை முறை முழுவதையும் அவ்வழக்கு கேள்விக்குள்ளாக்கியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் அன்றைய தலைவர் அசோக் கங்குலியின் தலைமையில் நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்தது. நேர்முகத்தைக் கைவிட்டு, வீட்டின் தூரம், உடன்பிறந்தோர், பெற்றோர் அதே பள்ளியின் முன்னாள் மாணவராயிருத்தல் முதலியவற்றுக்கு 100 மதிப்பெண்ணைப் பகிர்ந்தளிக்குமாறு குழு பரிந்துரைத்தது. 2007 நவம்பர் 24 அன்று அரசாணை வந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 2006-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் மூலம் இங்கிலாந்தும் சேர்க்கை நேர்முகங்களைத் தடை செய்தது என்பது கவனத்துக்குரியது. இரு நாடுகளும் ஒன்றையொன்று பார்த்துச் செய்யவில்லை. ஆனால் நேர்முகத்தில் குழந்தையின் பெயரால் பெற்றோரின் வர்க்கமே அளக்கப்படுகிறது என்ற ஐயம் இரண்டிலும் ஒன்றே. குழந்தை யார் என்ற கேள்வி போய், குழந்தை எங்கே வாழ்கிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஓர் அடி சென்றது. குலுக்கல் அல்லாத எந்த முறையில் ஒரு குழந்தையை மற்றொன்றுக்கு மேலாகத் தேர்ந்தாலும் அது 'வடிகட்டல்' என்று வரையறுத்துத் தடை விதித்தது. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொன்னது. ஆனால் 6 வயதுக்கு உட்பட்டோரை அச்சட்டம் தழுவாது, அந்த 25 விழுக்காடு தவிர, என்று 2013 பிப்ரவரியில் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு, உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், அச்சட்டம் பொருந்தாது என்றது. அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அதைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. இவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

இதற்கிடையே தூரம் தன் உச்சத்தை அடைந்தது. 2013 டிசம்பர் 18 அன்று துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் வெளியிட்ட ஆணையில் 100-ல் 70 மதிப்பெண் அருகமைக்கு, உடன்பிறந்தோருக்கு 20, முன்னாள் மாணவரின் பிள்ளைக்கு 5, வெளிமாநிலத்திலிருந்து பணிமாற்றலில் வந்தோருக்கு 5. நிர்வாக ஒதுக்கீடு நீக்கப்பட்டது. மைய அரசுப் பணியில் மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கடைசி 5 பெரிதாகப் பட்டிருக்கும். வட்டாரத்தில் உள்ள எல்லாரும் 70 பெற்றுவிட்ட பிறகு, 75 பெற்றவரே வெல்வார். அதனாலேயே அது சர்ச்சையாகி, 2014 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று உயர்நீதிமன்றம் அருகமை அளவுகோலையே ரத்து செய்தது. தனியார் பள்ளியின் சேர்க்கைச் சுதந்திரத்தை ஓர் அலுவலக ஆணையால் கட்டுப்படுத்த முடியாது, சட்டம் வேண்டும் என்பது தீர்ப்பின் அடிப்படை. நல்ல பள்ளிகள் நகரமெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்ற வாதமும் அதில் இடம்பெற்றது.

அந்தச் சுதந்திரத்தைப் பள்ளிகள் எப்படிப் பயன்படுத்தின என்பதற்கு 2016 ஜனவரியில் தில்லி அரசு தடை செய்த 62 அளவுகோல்களின் பட்டியலே சான்று. முதல் குழந்தையா, பெற்றோர் புகைப்பவரா, மது அருந்துபவரா, மரக்கறி உண்பவரா என்றெல்லாம் மதிப்பெண் இருந்தது. அவற்றுள் 11 அளவுகோல்கள் மீதான தடையையும், நிர்வாக ஒதுக்கீட்டின் மீதான தடையையும் நீதிமன்றம் அடுத்த மாதமே நிறுத்திவைத்தது. உணவைக் கேட்பது சாதியைக் கேட்பதற்குச் சுற்றுவழி என்பதைச் சாதி வரலாறு படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குருவானவரின் கையொப்பத்தைக் கேட்கும் ஆங்கிலப் பள்ளி, தான் கேட்பது இன்னதென்று வெளிப்படையாகவாவது சொல்கிறது.

2017 ஜனவரியில் அரசு வேறொரு வழியைத் தேர்ந்தது. தில்லி வளர்ச்சி ஆணையம் சலுகை விலையில் நிலம் கொடுத்தபோது, வட்டாரத்தில் வாழ்வோருக்குச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று ஒதுக்கீட்டுக் கடிதத்தில் நிபந்தனை இருந்த 298 பள்ளிகளுக்கு மட்டும் அருகமையைக் கட்டாயமாக்கியது. அப்பட்டியலில் சிறுபான்மைப் பள்ளிகளும் இருந்தன. ஆக, ஒரு பக்கம் அரசமைப்பின் 30-ஆம் பிரிவு. மறுபக்கம் நிலக் கடிதத்தின் ஒரு வரி. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்த மாதமே இடைக்கால நிவாரணம் கிடைத்தது. பிப்ரவரியில் மற்றப் பள்ளிகளுக்கும். இங்கிலாந்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த சமூகமும் நிலப்பரப்பும், தில்லியில் இரு தனி ஆவணங்களாகப் பிரிந்து வழக்காடின.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 2009 டிசம்பரில் இலண்டனின் யூதப் பள்ளியொன்றின் வழக்கில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், தாய்வழிப் பிறப்பைக் கொண்டு சேர்ப்பது இனப் பாகுபாடு என்றது. அதன்பின் அங்கே சமயப் பள்ளிகள் பிறப்பை அல்ல, வழிபாட்டுப் பழக்கத்தையே கேட்க முடியும். நம்மிடமோ சிறுபான்மை என்பது சான்றிதழில் உறையும் அடையாளம். குழந்தை எந்தச் சமூகத்தில் பிறந்தது என்பதே போதும். அது கோயிலுக்குப் போகிறதா என்று எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை. இது பலவீனம் என்று நான் கருதவில்லை. பக்தியை அளக்கும் அதிகாரம் ஆயருக்கோ தலைமையாசிரியருக்கோ இல்லாதிருப்பது நல்லதே.

ஆனால் தூரத்தை நடுநிலையான அளவுகோல் என்று நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1964–66 கோத்தாரிக் குழு அருகமைப் பள்ளியைப் பரிந்துரைத்தது, ஒரு வட்டாரத்தின் எல்லா வர்க்கத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காக. வட்டாரமே பிரிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது? நெருக்கடிநிலைக் காலத்தில் மட்டும் தில்லியில் சுமார் 7 லட்சம் பேர் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு, நகரின் விளிம்பிலிருந்த மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். யார் எங்கே வாழ்கிறார்கள் என்பது இந்நகரில் பெரும்பாலும் அரசின் முடிவு.

மொழிச் சிறுபான்மையும் 30-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா சாலை, ஜனக்புரி ஆகிய இடங்களில் உள்ளன. அரசு ஊழியர் குடியிருப்புகளின் வரைபடத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால், எந்தத் தமிழர்களை மனத்தில் வைத்து இவை எழுந்தன என்பது ஓரளவு விளங்கும். ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி முகாமின் தமிழர்கள் வேறு வகையினர். வீட்டுவேலையும் கூலிவேலையும் செய்து பல பத்தாண்டுகள் அங்கு வாழ்ந்தவர்கள். அம்முகாமின் பிள்ளைகள் பலர் அருகிலிருந்த லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றனர். சமூகம், நிலப்பரப்பு என்ற இரு அளவுகோல்களும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று முகாமின் சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நகரின் மறுகோடியில், நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளை நரேலாவுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் சேர்க்க ஏற்பாடு செய்யுமாறும் நீதிமன்றம் பணித்திருந்தது. அருகமை என்ற அளவுகோல் அங்கே முறையாகவே நிறைவேறும். அந்த ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை.