சித்தூர்ப் பாசறையும் உலகப் போரும்

சித்தூரை அடுத்து நரசிங்கராயன்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. 1782ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள், மைசூர் ஐதர் அலி அவ்வூர்ப் பக்கத்துப் பாசறையில் இராஜபிளவை நோயால் உயிர் நீத்தார். இச்செய்தியை நம்மிற் பலர் ‘இரண்டாம் மைசூர்ப் போர்’ என்னும் பாடத்தில் படித்திருப்போம். ‘அமெரிக்க விடுதலைப் போர்’ என வேறொரு பாடமும் படித்திருப்போம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதனை இம்மலரில் எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

உலகெங்கும் பரவிய போரை ஓரிடத்தில் அமர்ந்து நடத்துதல் இயலாது. ஆதலின் படைத்தலைமையினர் அதனைப் பல போரரங்குகளாகப் பகுப்பர். ஓர் அரங்குக்கு ஒரு தளபதி. அவருக்கெனத் தனிப்படை, தனி உணவுக் கிடங்கு, தனிப் பொக்கிஷம். அவ்வரங்கினுள் ஒரு குறிக்கோளை முன்னிட்டுத் தொடர்ந்து நடப்பது படையெடுப்பு. அதனுள் அடங்குவன தனித்தனிச் சண்டைகள். இருப்புப்பாதையை மண்டலமாகவும் கோட்டமாகவும் பிரித்து நடத்துவதை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். 1943இல் மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்காசியப் படைத்தலைமை அமைந்ததும் இம்முறை பற்றியே.

1778இல் பிரஞ்சுக்காரர் அமெரிக்கர்க்குத் துணையாக ஆங்கிலேயரோடு பொரத் தொடங்கினர். அத்தீ அமெரிக்காவோடு நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், ஜிப்ரால்டர், நம் நாடு எனப் பரவிற்று. அவ்வாண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியையும், 1779 மார்ச்சில் மாகியையும் கைப்பற்றினர். மாகித் துறைமுகத்தின் வழியே ஐதருக்குப் போர்த்தளவாடங்கள் வந்துகொண்டிருந்தன. அந்தச் சினமும் பழைய பகையும் சேர, 1780 ஜூலையில் ஐதர் பெரும்படையோடு கணவாய் கடந்து ஆர்க்காட்டு நவாபின் சீமையில் இறங்கினார். சித்தூர் அன்று அச்சீமையைச் சேர்ந்தது. நவம்பரில் ஆர்க்காடு வீழ்ந்தது. வங்காளத்திலிருந்து வந்த தளபதி எயர் கூட், 1781இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஐதரை எதிர்த்து வென்றார்.

ஆர்க்காட்டுச் சீமை ஓர் அரங்கு. மலையாளக் கரை மற்றோர் அரங்கு. வங்கக் கடல் பிறிதோர் அரங்கு. ஓரரங்கில் பகைவனை அசைக்க இயலாதபோது வேறோர் அரங்கைத் திறப்பது தளபதிகளின் தந்திரம். மேற்குக் கரையில் ஆங்கிலப்படை கிளம்பவே, ஐதர் தம் மைந்தர் திப்புவை அங்கு அனுப்ப நேர்ந்தது. ஆகவே தந்தை சித்தூரருகே மறைந்தபோது மைந்தர் பொன்னானிப் பக்கத்தில் இருந்தார். படை கலையாதிருத்தற்பொருட்டு, அவர் வரும்வரை மரணச் செய்தி மறைக்கப்பட்டது. உடல் பொக்கிஷம்போல் பெட்டியில் வைத்துக் கோலாருக்கு அனுப்பப்பட்டது. அடுத்து ஆங்கிலேயர் பெதனூரைப் பிடிக்கவே, திப்பு ஆர்க்காட்டுச் சீமையை விட்டு மேற்கே திரும்பினார்.

அரங்குகளுக்கிடையே செய்தி செல்லப் பல திங்கள் ஆயின. 1782 ஏப்ரல் 12ஆம் நாள் மேற்கிந்தியத் தீவுகளருகே ஒரு கடற்போர். அதே நாளில் இலங்கைத் திருகோணமலைக்குத் தெற்கே மற்றொரு கடற்போர். இரண்டிலும் பொருதவர் ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரருமே. ஒன்றையொன்று அறியாது இரண்டும் நடந்தன. இதனினும் கொடியது ஒன்று உண்டு. 1783 ஜனவரி 20இல் வெர்சேல்சில் இருசாராரும் பூர்வாங்க உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அச்செய்தி வந்து சேராமையால் ஜூன் 13இல் கடலூரில் தரையிலும், 20இல் கடலிலும் போர் நிகழ்ந்தது. முடிந்துபோன போருக்காக எத்தனையோ உயிர்கள் மாண்டன! ஜூன் இறுதியில் செய்தி எட்டிய பின்னரே பீரங்கிகள் ஓய்ந்தன. திப்புவோடு மங்களூரில் உடன்படிக்கை ஏற்பட 1784 மார்ச் 11 ஆயிற்று.

இத்தனைக்கும் பொருள் தந்தவர் யார்? முந்திய ஆங்கில–பிரஞ்சுப் போர்களின்போதே நவாபு திருப்பதிக் கோயில் வருவாயைக் கும்பினியார்க்கு ஈடு காட்டியிருந்தார். ஏழுமலையான் உண்டியலில் ஏழைகள் இட்ட காசும் பீரங்கிச் செலவுக்குக் கணக்காயிற்று. 1781 டிசம்பரில் தம் சீமையின் வரி வருவாயையே அவர் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். ஊர்கள் எரிந்தன, பஞ்சம் புகுந்தது. சென்னையில் பசித்தோர்க்கு 1782இல் கஞ்சி வார்க்கத் தொடங்கிய அறமே பின்னர் மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது.

அரங்கு என்னும் சொல் ஆடுவோரையும் காண்போரையும் நினைவூட்டும். போரரங்கிலோ காண்போர் என எவரும் இலர். பார்த்து நின்ற உழவனும் அதில் அகப்பட்டவனே. தளபதிகள் வசதிக்காக வகுத்த எல்லைகளே பின்னர் நம் பாடநூலின் எல்லைகளும் ஆயின. அதனால் நம் முன்னோர் பட்ட துன்பத்தின் மூலகாரணம் நமக்குப் புலப்படாது போயிற்று. இனி நம் குழந்தைகள் அவ்விரு பாடங்களையும் படிக்கும்போது, பெற்றோர் அருகிருந்து இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்களாக. நாம் குடியேறி வாழும் இம்மண்ணுக்கு நாம் செய்யும் சிறு கடன் அஃது.