வேலிக்கு இருபுறமும் குடும்பங்கள்: பாரிஸ் பூங்கா ஒன்றின் வரலாறு

பாரிஸ் நகரின் மேற்கு ஓரத்தில், புவா த பூலோஞ் என்னும் பரந்த வனப்பூங்காவின் வட எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் ஜார்தன் தக்ளிமத்தாசியோன் இன்று தளர்நடைக் குழந்தைகளுக்கென்றே வாய்த்த இடமாக விளங்குகிறது. ராட்டினங்கள், சின்ன ரயில், ஆடுமாடுகள் நிற்கும் சிறு பண்ணை, புல்வெளியில் உலவும் மயில்கள் ஆகியவற்றைக் காட்டுவதற்காக, அந்நகரத்தவர் மட்டுமன்றி அங்கே குடியேறிய பல நாட்டுப் பெற்றோரும் விடுமுறை நாட்களில் தள்ளுவண்டியோடு வந்து சேர்கின்றனர். ஆயினும், பிற நாடுகளிலிருந்து கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள் இதே தோட்டத்தில் வேலியின் மறுபுறம் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்ட காலமும் இருந்தது. அவர்களை விலக்கிவிட்டு இவ்விடத்தின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

தோட்டத்தின் தொடக்கம் அறிவியல் நோக்கம் கொண்டது. அயல்நாட்டு விலங்குகளையும் தாவரங்களையும் பிரான்சின் தட்பவெப்பத்துக்குப் பழக்கி, உழவுக்கும் உணவுக்கும் பயன்படுத்த இயலுமா என்று ஆராய்வதற்காக, விலங்கியலாளர் இசிதோர் ஜொஃப்ருவா சேந்திலேர் 1854இல் ஒரு சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் தோட்டத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1860 அக்டோபரில் திறந்து வைத்தார். பத்தாண்டுகள் கழிந்து பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது, பட்டினி கிடந்த நகரத்துக்கு விலங்குகளே இறைச்சியாயின. போருக்குப் பின் தோட்டம் மீண்டும் எழுந்தாலும் ஆராய்ச்சியைக் கொண்டு மட்டும் அதன் செலவை ஈடுகட்ட இயலவில்லை. நுழைவுக் கட்டணம் செலுத்தும் குடும்பங்களை நம்பியே அது நடக்க வேண்டியிருந்தது.

அக்குடும்பங்களைத் திரட்டும் வழியை ஹாம்பர்க் நகரின் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் முன்னரே கண்டறிந்திருந்தார். 1870களின் நடுவில் வட ஐரோப்பாவின் சாமி மக்களைக் கலைமான்களோடு வரவழைத்து மக்கள்முன் நிறுத்திய அவர், கைக்குழந்தைக்குப் பாலூட்டும் இளந்தாயைக் காணக் கூட்டம் பெருகியதைக் கண்டு, தனி ஆட்களைவிடக் குழந்தைகுட்டிகளோடு கூடிய குடும்பங்களே வருவாய் தருவன என்று உணர்ந்தார். ஜெர்மன் மொழியில் ஃபோல்கர்ஷவ் எனப்பட்ட இம்முறையை, அதாவது ஓர் இனத்தவரைக் குடிசை, கருவி, கால்நடை ஆகியவற்றோடு 'அன்றாட வாழ்க்கை' நடத்தச் செய்து கட்டணத்துக்குக் காட்டும் முறையை, பாரிஸ் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஆல்பெர் ஜொஃப்ருவா சேந்திலேர், தோட்டத்துக்கு வித்திட்ட இசிதோரின் மகன், 1877இல் தம் தோட்டத்திற்கும் கொண்டுவந்தார். நூபியரும் கிரீன்லாந்து மக்களும் காட்டப்பட்ட அவ்வாண்டில் வருகையாளர் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டியது. விலங்குகளைக் காட்டி மகிழ்வித்த பின் அதே நடையில் மனிதரையும் வேடிக்கை காட்டித் திரும்புவது பாரிஸ் பெற்றோருக்கு வழக்கமாயிற்று. மானிடவியலாளர்களும் அளவுகோலோடு வந்து சேர்ந்ததால், அவ்வேடிக்கைக்குக் கல்வி என்னும் போர்வையும் கிடைத்தது. இப்போர்வையே அவ்வழக்கத்தின் மிகக் கொடிய பகுதி எனலாம். தாம் செய்வது தவறோ என்று ஐயுறும் வாய்ப்பைப் பெற்றோரிடமிருந்து பறித்தது அதுவேயாகும்.

வேலியின் மறுபுறம் நின்றவர்களுள் தம் கையாலேயே ஒரு பதிவை விட்டுச் சென்றவர் ஆபிரகாம் உல்ரிகாப். இன்றைய கனடாவின் லாபிரடார் கரையில் ஹெப்ரான் என்னும் மொராவியக் கிறித்தவ மிஷன் ஊரைச் சேர்ந்த இந்த இனுவிட் மனிதர் எழுதப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் தெரிந்தவர். மனைவி உல்ரிகே, மூன்று நான்கு வயதுடைய மகள் சாரா, ஓராண்டும் நிறையாத மகள் மரியா ஆகியோரோடும் உடன்வந்த நால்வரோடும் 1880ஆம் ஆண்டு கோடையில் ஹாகன்பெக்கின் முகவர் ஜேக்கப்சனை நம்பிக் கப்பலேறினார். ஹாம்பர்க், பெர்லின், பிராக் என ஊர் ஊராக நடந்த காட்சிகளின்போது, உற்று நோக்கும் கூட்டத்தின் தொல்லையையும் வீடு திரும்பும் ஏக்கத்தையும் அவர் தம் தாய்மொழியான இனுக்டிடுட்டில் நாட்குறிப்பாக எழுதினார். பெரியம்மைத் தடுப்பு ஜெர்மனியில் 1874இலேயே சட்டமாகியிருந்தும், இந்த எண்மருக்கு அம்மை குத்தப்படவில்லை. டிசம்பரில் டார்ம்ஸ்டாட் நகரில் குழுவிலிருந்த பதின்வயதுப் பெண் ஒருத்தியும், பின்னர் கிரேஃபெல்டில் அவளுடைய தாயும் மாண்டனர். கிரேஃபெல்டு மருத்துவமனையில் உறங்கிக்கொண்டிருந்த சாராவை விட்டுவிட்டுப் பெற்றோர் பாரிசுக்குப் பயணப்பட நேர்ந்தது. அச்சிறுமி டிசம்பர் 31 அன்று இறந்தாள். எஞ்சிய ஐவருக்கும் பாரிசில் 1881 ஜனவரி முதல் நாள் அம்மை குத்தப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. மரியா, ஆபிரகாம், உல்ரிகே உட்பட அனைவரும் அந்த மாதத்தின் நடுப்பகுதிக்குள் அங்கேயே இறந்தனர். தொற்றுநோயின் மேல் பழியைச் சுமத்திவிட்டு நகர இயலாத சாவுகள் இவை. செய்தே ஆகவேண்டிய ஒன்று செய்யப்படாமையால் நேர்ந்தவை.

இவ்வளவுக்குப் பிறகும் காட்சிகள் நிற்கவில்லை. அதே 1881இல் தென்னமெரிக்காவின் தென்முனையிலிருந்து பதினொருவர் கொண்டுவரப்பட்டனர்; 1883இல் இலங்கையிலிருந்து ஒரு குழுவினர் யானைகளோடு வந்து நின்றனர். சிங்களவர் என்ற பெயரில் ஐரோப்பாவெங்கும் அறிவிக்கப்பட்ட இத்தகைய இலங்கைக் குழுக்களில் தமிழரும் இடம்பெற்றதுண்டு. 1902இல் 'மலபார்கள்' என்ற பெயரில் தென்னிந்தியர் இத்தோட்டத்தில் காட்டப்பட்டனர். அக்காலப் பிரெஞ்சுக்காரர் தமிழரைச் சுட்டப் பரவலாக வழங்கிய பெயரும் அதுவே. 1980களில் போரினால் இலங்கையிலிருந்து பெயர்ந்து பாரிசின் லா ஷப்பேல் பகுதியைத் தம் கடைத்தெருவாக ஆக்கிக்கொண்ட தமிழர்கள், இரண்டாம் எண் மெட்ரோவில் ஏறி, எத்துவாலில் முதலாம் எண் தடத்துக்கு மாறி, லெ சாப்லோன் நிலையத்தில் குழந்தையோடு இறங்கி நடந்தால் அடையும் இடம் இந்தத் தோட்டமே என்பதை நினைக்கையில், இந்த வரலாறு தமிழில் எழுதப்பட வேண்டியதன் தேவை விளங்கும்.

முதல் உலகப் போருக்கு முன்பே இக்காட்சிகளின் வேகம் குறைந்துவிட்டது எனினும், 1931ஆம் ஆண்டின் குடியேற்ற நாடுகளின் பொருட்காட்சியை ஒட்டி, நியூ கலிடோனியாவின் கனக் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கே நரமாமிசம் தின்போராகப் பொய்யாகக் காட்டப்பட்டனர்; அவர்களுள் சிலர் ஜெர்மனிக்கும் அனுப்பப்பட்டனர். பிரெஞ்சுக் கால்பந்து வீரர் கிறிஸ்தியான் கரம்பூவின் கொள்ளுத்தாத்தாவும் அக்குழுவில் இருந்தவர். கரம்பூவோடு 1998 உலகக் கோப்பையை வென்ற லிலியான் துராம், 2011இல் பாரிசின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் இம்மனிதக் காட்சிகளின் வரலாற்றை விரித்துக் காட்டிய கண்காட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார். 2014இல் கனடிய ஆய்வாளர் பிரான்ஸ் ரிவே வெளியிட்ட நூல், பாரிசில் இறந்த ஐந்து இனுவிட்டுகளின் எலும்புக்கூடுகள் அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகச் சேமிப்பில் இருப்பதை வெளிப்படுத்தியது. அவை லாபிரடாரின் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னரே வலுப்பெற்றது. கைக்குழந்தை மரியாவின் எலும்புகளும் அவற்றுள் அடங்கும்.