குளிர்ந்த இடம் நாடும் கிருமி

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற முதலைப் பண்ணை ஒன்று இருக்கிறது. காலை வேளையில் அங்கே போனால், முதலைகள் கரையேறி வெயிலில் அசையாமல் கிடப்பதைக் காணலாம். அவை சோம்பலால் அப்படிக் கிடக்கவில்லை. இரவில் குளிர்ந்துபோன உடலைச் சூடேற்றிக் கொள்கின்றன. வெயில் ஏறியதும் நிழலுக்கோ நீருக்கோ போய்விடும். வேண்டிய வெப்பத்தை வெளியிலிருந்து பெறும் இத்தகைய பிராணிகளைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்று கூறுவது வழக்கம்.

அவற்றை வேடிக்கை பார்க்கும் நாமோ வெப்ப இரத்தப் பிராணிகள். மார்கழிப் பனியானாலும் சித்திரை வெயிலானாலும், நம் உடலின் உட்புறம் ஏறத்தாழ 37 டிகிரி சென்டிகிரேடிலேயே இருக்கிறது. அப்படியானால் நம் உடல் முழுவதும் ஒரே சூட்டில் இருக்கிறதா? இல்லை. இந்த எளிய உண்மையைக் கொண்டுதான் தொழுநோயின் பல புதிர்களுக்கு விடை காண முடிந்தது. அந்த வரலாற்றின் சில முக்கிய நிகழ்ச்சிகள் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தவை.

அடுப்பும் முற்றமும்

ஜெர்மானிய மருத்துவர் உண்டர்லிஷ், ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு வெப்பமானி வைத்து அளந்து, 1868இல் ஒரு நூல் வெளியிட்டார். உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி என்ற கணக்கு அதன் பிறகே நிலைபெற்றது. கல்லீரல், இதயம், மூளை, தசைகள் ஆகியவை இடைவிடாமல் வெப்பத்தை உண்டாக்குகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதைக் கண்காணிக்கிறது. உள்ளே சூடு மிகுந்தால், தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை சுரக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளிர் மிகுந்தாலோ இக்குழாய்கள் சுருங்கி, வெப்பத்தை உள்ளேயே காக்கின்றன.

ஆக, உள்ளுறுப்புகளை அடுப்படி என்று கொண்டால், தோலை முற்றம் எனலாம். அடுப்படியின் சூடு முற்றத்தில் இராது. காது மடல், மூக்கு நுனி, கைவிரல், கால்விரல் போன்ற இடங்கள் பெரும்பாலும் உட்புறத்தைவிடப் பல டிகிரி குளிர்ந்தே இருக்கும். இந்த முற்றத்தைத்தான் தொழுநோய்க் கிருமி தன் இருப்பிடமாகக் கொண்டது.

திருமணியில் எழுந்த கேள்வி

நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஆனால், அதனைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. விலங்குகளில் வளர்க்கும் முயற்சிகளும் பல பத்தாண்டுகள் வீணாயின.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. 1930களில் அதன் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1947இல் அவருடைய அழைப்பின் பேரில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கு வந்தார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பற்றினார். வலுவற்ற கை என்று எண்ணியவருக்கு, அந்தப் பிடி வலித்தது!

சதை அழுகுவதால் விரல்கள் கெடுகின்றன என்று மக்கள் நம்பிவந்த காலம் அது. சதை அழுகியிருந்தால் இத்தனை வலு எப்படி வரும்? சில தசைகள் மட்டும் செயலற்றுப் போயிருந்தன. அவற்றை இயக்கும் நரம்புகளே கெட்டிருந்தன. அந்நரம்புகளும் தம் நீளம் முழுவதும் கெடவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டருகே, முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம் ஆகிய இடங்களில்தான் பெரிதும் பாதிப்பு. இவை யாவும் நரம்பு தோலுக்கு அருகில் வரும் இடங்கள். அதாவது, சற்றுக் குளிர்ந்த இடங்கள்.

தோலிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது. காது மடலும் மூக்கும் கன்னமும் நோய்க்கு எளிதில் இலக்காகின்றன. எப்போதும் சூடாக இருக்கும் அக்குளும் தொடையிடுக்கும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நோய் பற்றிய படையில் உணர்ச்சி மட்டுமன்றி, வியர்வையும் நின்றுபோகிறது. உடலைக் குளிர்விக்கும் அமைப்பையே கிருமி அங்கே முடக்கிவிடுகிறது.

எலியின் பாதமும் ஆர்மடில்லோவும்

உடலின் குளிர்ந்த பகுதிகளில் கிருமியைச் செலுத்திப் பார்க்கலாம் என்று அமெரிக்கரான பின்ஃபோர்ட் 1956இல் எடுத்துக் கூறினார். 1960இல் ஷெப்பர்ட் என்பவர் சுண்டெலியின் பாதத்தில் கிருமியைச் செலுத்தி வளர்த்துக் காட்டினார். பாதத்தின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியிருக்கும்போது கிருமி நன்றாகப் பெருகியது. இந்த முறையைக் கொண்டே, டாப்சோன் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உள்ளன என்பது 1964இல் மலேசியாவில் நிறுவப்பட்டது. ஒரே மருந்தை நம்பக்கூடாது என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

எலியின் பாதத்தில் கிடைக்கும் கிருமி மிகக் குறைவு. தடுப்பூசி செய்ய அது போதாது. ஆகவே, உடல் முழுவதுமே குளிர்ந்த விலங்கு ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ அதற்குப் பொருந்தியது. நம் எறும்புத்தின்னியைப் போல உடலெங்கும் கவசம் பூண்ட பாலூட்டி அது. அதன் உடல் வெப்பம் 32 முதல் 35 டிகிரிதான். 1971இல் கிர்ச்ஹைமரும் ஸ்டோர்ஸ் அம்மையாரும் அதன் உடலில் தொழுநோய்க் கிருமி பெருமளவில் பெருகுவதைக் கண்டறிந்தனர்.

மீண்டும் செங்கல்பட்டு

திருமணி மருத்துவமனையை இந்திய அரசு 1955இல் ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியிருந்தது. 1991இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் செங்கல்பட்டு மாவட்ட மக்களிடையே தடுப்பூசிச் சோதனை ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ 1,71,000 பேர் அதில் பங்குபெற்றனர். சோதித்த நான்கு தடுப்பூசிகளுள் ஒன்று, ஆர்மடில்லோவில் வளர்த்துக் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியை பி.சி.ஜி.யுடன் சேர்த்தது. பி.சி.ஜி. மட்டும் 34 சதவீதப் பாதுகாப்பு அளிக்க, இந்தக் கலவை 64 சதவீதம் அளித்தது. இந்தியாவிலேயே உருவான ஐ.சி.ஆர்.சி. தடுப்பூசியும் ஏறத்தாழ இதே அளவு பயன் தந்தது.

கூட்டு மருந்துச் சிகிச்சையால் 2005ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் தொழுநோயாளிகளின் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. ஆயினும் நோய் அடியோடு மறையவில்லை; ஆண்டுதோறும் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர்.

ஆகவே நாம் நினைவில் கொள்ள வேண்டியது இது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றி, அங்கே உணர்ச்சி குறைந்து, சுற்றியுள்ள தோல் வியர்க்கும்போதும் அது மட்டும் உலர்ந்திருந்தால், தயங்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்து இலவசம், ஆறு மாதமோ ஓராண்டோ ஒழுங்காக உட்கொண்டால் நோய் குணமாகும். நரம்பு கெடுவதற்கு முன்பே சென்றால், விரல்களும் கெடாமல் தப்பும். நோயாளியைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. 1947இல் பிராண்ட் அஞ்சாமல் அந்தக் கையைப் பற்றியதால்தான் உண்மை விளங்கத் தொடங்கியது.