இனிப்பின் பின்னே கைப்பு

மீன்பாடும் தேனாடு என்று நம் நாட்டுக்குப் பெயர். கட்டித் தயிரும் சர்க்கரையும் இல்லாத விருந்தை மட்டக்களப்பார் விருந்தென்று ஒப்பார். ஆயினும் இன்று எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இனிப்பை விலக்கி வாழ்வோர் பலர். எங்கள் வீட்டு அம்மம்மாவும் அவர்களுள் ஒருவராய் இருந்தார். தைப்பொங்கலன்று எல்லோருக்கும் பொங்கலை அள்ளி வைத்துவிட்டு, தாம் விரலையும் நக்காது கைகழுவுவார். அவருடைய தேநீரில் சக்கரீன் மாத்திரை இட்டுக் கொடுப்பது எம் கடமை. ஒரு மிடறு குடித்ததும், “இனிச்சுப்போட்டுக் கைக்குது மனே” என்பார். நாமும் அதைச் சுவைத்துப் பார்ப்போம், எமக்குக் கைக்காது. நோயாளியின் சலிப்பென்று எண்ணிச் சிரிப்போம். அச்சிரிப்பு எத்துணை அறியாமை என்பதை இரசாயனம் கற்கப் புகுந்த பின்னரே உணர்ந்தோம். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிசன் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் நாம் கற்ற முதற் பாடம், எதனையும் வாயில் வைக்கக் கூடாது என்பதே. வியப்பு யாதெனில், சீனிக்குப் பதிலாக வந்த பொருள்களுட் பல இவ்விதியை மீறியதனாலேயே கிடைத்தன. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் றெம்சனின் ஆய்வுகூடத்தில் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் சேர்வைகளை ஆராய்ந்தவர் பால்பேர்க். வேலை முடிந்து உணவருந்திய வேளையில், கையில் ஒட்டியிருந்த பொருளால் உண்ட பாண் இனித்தது. சக்கரீன் பிறந்தது, 1879இல் இருவரும் அதனை வெளியிட்டனர். முதலாம் உலகப் போரில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அது பரவியது. 1937இல் இல்லினோய் பல்கலைக்கழகத்து மாணவர் ஸ்வேடா மேசைமேல் வைத்த சிகரெட்டை மீண்டும் வாயில் வைத்தபோது இனிப்பை உணர்ந்தார், அது சைக்கிளமேற்று. 1976இல் இலண்டனில், பேராசிரியர் ஹவ் என்பவரிடம் பயின்ற இந்திய மாணவர் சசிகாந்த் பட்னிஸ், குளோரீன் ஏற்றிய சீனியைச் சோதிக்கும்படி சொல்லப்பட்டார். ‘டெஸ்ற்’ என்றது அவர் செவியில் ‘ரேஸ்ற்’ என்று விழ, அவர் சுவைத்தே பார்த்துவிட்டார். சுக்கிரலோசு கிடைத்தது.

இனி, இவை இனிப்பது எங்ஙனம்? 1967இல் ஷாலன்பேகர், ஏக்றீ என்னும் இருவர் ஒரு விளக்கம் தந்தனர். இனிக்கும் மூலக்கூறு ஒவ்வொன்றிலும், ஐதரசனைக் கொடுக்க முனையும் ஒரு பகுதியும் அதனை ஏற்க முனையும் வேறொரு பகுதியும், ஏறக்குறைய குறித்த ஓர் இடைவெளியில் அமைந்துள்ளன. அவை நாவிலுள்ள ஒத்த இடத்தோடு பொருந்தும்போது இனிப்புத் தோன்றுகிறது என்றனர். அந்த இடம் இரு புரதங்கள் சேர்ந்த ஓர் ஏற்பி என்பது 2001இல் தெளிவாயிற்று. ஆகவே இனிப்பு பொருளில் மாத்திரம் உள்ளதன்று. பூட்டும் திறப்பும் போலப் பொருளும் நாவும் பொருந்துவதில் உள்ளது. சீனியின் ஐதரொட்சில் கூட்டங்களுள் மூன்றை நீக்கிக் குளோரீனை வைத்தால் திறப்பு இன்னும் இறுகப் பொருந்தும். இனிப்பு ஏறக்குறைய 600 மடங்காகும்.

சக்கரீன் சீனியிலும் ஏறக்குறைய 300 மடங்கு இனிப்பது. ஆனால் அத்திறப்பு கைப்பின் பூட்டுகளிலும் நுழையவல்லது. மனித நாவிலுள்ள ஏறக்குறைய 25 கைப்பு ஏற்பிகளுள் இரண்டினை அது தூண்டுகிறதென 2004இல் கண்டனர். அவ்வேற்பிகள் பரம்பரை வழியே ஆளுக்காள் வேறுபடுவன. ஆதலின் ஒருவருக்குக் கைப்பது மற்றவருக்குக் கைக்காது. சக்கரீனோடு சைக்கிளமேற்றைக் கலந்தால் கைப்புக் குறைவதை வணிகர் நெடுங்காலம் அறிந்திருந்தனர்; சைக்கிளமேற்று அக்கைப்பு ஏற்பிகளை அடைத்துவிடுவதே காரணமென்பது 2017இல் வெளியாயிற்று. அம்மம்மாவின் நா பொய் சொல்லவில்லை. எம் நாவை அளவுகோலாக்கி அவர் நாவை நகைத்ததே பிழை.

இவ்வுண்மையைக் காண மேல்நாடு செல்லவேண்டியதுமில்லை. நம் பற்றைகளிலே படரும் சிறுகுறிஞ்சா இலையை மென்றபின் சீனியை வாயிலிட்டால் மணல்போல் இருக்கும். தேநீரில் சீனியின் சுவை அற்றுப்போவதை எட்ஜ்வேத் என்பவர் 1847இல் இலண்டனில் அறிவித்தார். நீலகிரியின் உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887இல் அவ்விலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தார். அது இனிப்பின் ஏற்பியைச் சிறிது நேரம் பூட்டி வைக்கிறது. வேலியிலே படரும் குன்றிமணிக் கொடியின் இலையோ இனிப்பது. அதிலுள்ள இனிப்புச் சேர்வைகள் சீனியிலும் 30 முதல் 100 மடங்கு இனிப்பனவென்று 1989இல் கண்டனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே குலத்துச் சேர்வைகள். ஒன்று இனிப்பைக் கொடுக்கிறது, மற்றது பறிக்கிறது. அமைப்பிற் சிறு மாற்றம், சுவையிற் பெரு மாற்றம்! ஆனால் குன்றிமணியின் விதை கொடிய நஞ்சு. சிறுகுறிஞ்சாவோ இரத்தத்துச் சீனியையும் குறைக்கக் கூடியது. மருந்துண்போர் வைத்தியரைக் கேளாது இவற்றைக் கைக்கொள்ளலாகாது.

செயற்கை இனிப்பின்மேல் எழுந்த அச்சமும் வரலாற்றின் பகுதியே. சைக்கிளமேற்றை 1969இல் அமெரிக்கா தடைசெய்தது. எலிகளில் கண்ட கட்டியால் சக்கரீனும் 1977இல் ஐயத்துக்குள்ளாகி, அது மனிதருக்குப் பொருந்தாதென அறிந்தபின் 2000இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உடல் மெலிவதற்கென இவற்றை நம்பவேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியது. முன்னரே நீரிழிவு உள்ளோரை அக்கூற்றில் அது சேர்க்கவில்லை. வீண் அச்சமும் வேண்டாம், மயக்கமும் வேண்டாம்.

இளைஞராகிய நாம் செய்யத்தக்கன இரண்டு. நம் வேலியில் உள்ளதை ஆராய்ந்து பிறர் எழுதினர்; இனி நாமும் எழுதப் பழகுவோமாக. நோயுற்ற முதியோர் தம் நாவின் குறையைச் சொல்லும்போது, சிரியாது செவிகொடுப்போமாக. இதனை அம்மம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க எமக்கு வாய்க்கவில்லை. உங்கள் வீட்டில் அத்தகைய பெரியார் இருப்பின், இன்றே கேட்டுப் பாருங்கள்: தேநீர் கைக்கிறதா என்று.