பள்ளி நூலகரை உருவாக்குதல்: முதுநிலை நூலக அறிவியல் கல்வியில் ஆசிரியப் பயிற்சியின் இடம்

நூலக அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று வெளிவருபவருக்குப் பகுப்பெண் அமைக்கத் தெரியும். பட்டியல் பதிவு எழுதத் தெரியும். கோஹா மென்பொருளில் நூல் விவரங்களை ஏற்றத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு பாடவேளை முழுதும் புத்தகங்களோடு ஈடுபடுத்தத் தெரியுமா என்பதை அவர் எழுதும் தேர்வுகள் பெரும்பாலும் சோதிப்பதில்லை. பள்ளி நூலகம் வழக்கமாகக் கல்வி நிறுவன நூலகங்கள் பற்றிய தாளின் ஒரு பகுதியாக வந்துபோகிறது. பள்ளி நூலகரின் முதற்பணி கற்பித்தல். நூல்களை ஒழுங்குசெய்வது அதற்குத் துணைப்பணி. எனவே பள்ளிக்கு நூலகரை ஆயத்தப்படுத்தும் முதுநிலைக் கல்வியின் நடுவில் ஆசிரியப் பயிற்சி இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. மரபு தரும் சான்று

இக்கருத்து நம் மரபுக்குப் புதிதன்று. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதற்கு முன்பு அவர் கணித ஆசிரியர். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் முறையாகப் பயிற்சி பெற்றவர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்ட அவர், பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்று 1942இல் தனிநூலே எழுதினார். நூலைவிட அதைப் படிப்பவரை முன்னிறுத்தும் அவரது பார்வைக்குப் பின்னால் வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய அனுபவம் இருக்கிறது என்று கொள்வது பொருந்தும்.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53), பள்ளி நூலகம் எழுத்தரிடமோ ஆர்வமற்ற ஆசிரியரிடமோ பகுதிநேரப் பொறுப்பாக விடப்படும் நிலையைக் கடிந்தது. பயிற்சி பெற்ற நூலகருக்கு மூத்த ஆசிரியர்களுக்கு இணையான தகுதியும் ஊதியமும் வேண்டும் என்றது. பின்னர் வந்த கல்வி உரிமைச் சட்டம் (2009), நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் ஆகியவற்றைக் கொண்ட நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று அட்டவணையில் விதித்தது. ஆனால் அந்த நூலகத்தை நடத்த ஒரு நூலகர் வேண்டும் என்று அது சொல்லவில்லை.

2. பணியின் இயல்பு

பொது நூலகப் பயிற்சி பள்ளியில் எங்கே போதாமல் போகிறது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் காணலாம். தூயி பகுப்புமுறையில் தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811. சிறுவர் பாடல், சங்கப்பாட்டின் உரை, நாவல் எல்லாமே இந்த எண்ணில்தான் தொடங்கும். ஆய்வாளருக்கு இது உதவும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு உதவாது. அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தின் அட்டை தெரியும்படி அடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எத்தனை வரி, படம் எவ்வளவு, சொற்கள் பழகியவையா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். வாசிப்பு எப்படிப் படிப்படியாகக் கைவருகிறது என்று கற்றவரால்தான் அப்படிப் பிரிக்க முடியும்.

எட்டாம் வகுப்பில் ‘நீர் மாசுபாடு’ பற்றி ஒப்படைவு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் கைபேசியில் முதலில் கண்ணில் படும் பக்கத்தை அப்படியே பார்த்து எழுதி வருகிறார்கள். சுற்றுச்சூழல் நூல்கள் இருக்கும் அலமாரியைக் காட்டுவதோடு நூலகரின் வேலை முடிந்துவிடாது. “நம்ம ஊர் ஏரியில் என்ன கலக்கிறது? யார் சொல்கிறார்கள்? அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று தலைப்பைக் கேள்விகளாக்க அவர் பழக்க வேண்டும். பாடநூல், நாளிதழ்ச் செய்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை ஆகிய மூன்றையும் மேசையில் வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று காணச் செய்ய வேண்டும். அறிவியல் ஆசிரியரோடு முன்கூட்டியே அமர்ந்து திட்டமிடாமல் இது நடக்காது. வகுப்பை நடத்திப் பழகாதவர் அந்தத் திட்டமிடலில் சமபங்காளியாக இருக்கவும் முடியாது.

3. பாடத்திட்டத்தில் வேண்டியவை

அமெரிக்காவில் பள்ளி நூலகரை ஆயத்தப்படுத்தும் கல்விக்கென 2019இல் ஐந்து தரநிலைகள் வகுக்கப்பட்டன. கற்பவரும் கற்றலும் முதலாவது. கற்பித்தலைத் திட்டமிடுவது இரண்டாவது. பொருளறிவும் அதன் பயன்பாடும் மூன்றாவது. நம் பாடத்திட்டங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் ஒழுங்கமைப்பும் அணுகலும் அங்கே நான்காம் இடத்தில்தான் வருகின்றன. தலைமைப் பண்பும் தொழில்சார் பொறுப்பும் ஐந்தாவது. அந்நாட்டுச் சூழல் வேறு. அதை அப்படியே இங்கே பெயர்த்து நடத் தேவையில்லை. ஆனால் எது முதலில் வர வேண்டும் என்ற வரிசையை நாம் ஏற்கலாம்.

முதுநிலைப் படிப்பில் பள்ளி நூலகத்துக்கென ஒரு சிறப்புப் பிரிவு வேண்டும். அதில் குழந்தை உளவியலும் வாசிப்புத் திறன் வளர்ச்சியும் ஒரு தாள். தமிழ்ச் சிறார் இலக்கியம் ஒரு முழுத் தாள், அழ. வள்ளியப்பா முதல் இன்று எழுதுபவர்கள் வரை மாணவர் நூல்களையே படித்து மதிப்பிட வேண்டும், வரலாற்றுக் குறிப்பு மட்டும் போதாது. பாட ஆசிரியரோடு சேர்ந்து பாடம் திட்டமிடுவது மூன்றாவது. நான்காவதாக, அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு பருவம் முழுவதும் களப்பயிற்சி. அதை நூலக அறிவியல் பேராசிரியரும் பள்ளி ஆசிரியரும் சேர்ந்தே மதிப்பிட வேண்டும்.

4. மறுப்புகள்

பணியிடமே அரிதாக இருக்க, பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நூலகரின் வேலை புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றிக் காப்பதே என்று நிர்வாகம் எண்ணும்வரை, அதற்குத் தனி ஆள் வேண்டியதில்லை என்ற முடிவும் தொடரும். கற்பிக்கும் நூலகர்கள் எங்கே பணிபுரிந்தாலும், தனியார் பள்ளியில் ஆனாலும், அவர்களின் பணியே புதிய பணியிடங்களுக்கான வாதமாகும். பணியிடத்துக்கான கோரிக்கையும் பாடத்திட்டச் சீர்திருத்தமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நூலகத்தைக் கவனிக்கும் பொறுப்பாசிரியருக்குக் குறுகிய காலப் பயிற்சி தந்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. அந்த ஆசிரியருக்குத் தன் பாடவேளைகளே நிரம்பிக் கிடக்கின்றன. புத்தகம் தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே என்பதால் பீரோ பூட்டியே இருக்கிறது. ஆர்வம் இல்லாததால் அல்ல, நேரமும் அதிகாரமும் இல்லாததால். எந்தப் புத்தகம் கிழியும்வரை படிக்கப்பட வேண்டும், எதை இருப்பிலிருந்து கழிக்கலாம் என்று முடிவெடுக்கும் துணிவை முழுமையான தொழிற்கல்விதான் தரும்.

5. முடிவு

தமிழகப் பல்கலைக்கழகங்களின் நூலக அறிவியல் துறைகளும் கல்வியியல் துறைகளும் இன்று தனித்தனியே இயங்குகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுப் படிப்பைத் தொடங்கப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. பாடத்திட்டக் குழுக்கள் ஒன்றாக அமர்ந்து பேசினால் போதும். ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒருவர் நூலக அறிவியலுக்கு அடித்தளமிட்ட மண்ணில், நூலகர் கல்விக்குள் அந்தப் பயிற்சியை மீண்டும் கொண்டுவரும் கடமை முதலில் நமக்கே உரியது.