அமெரிக்க அடிமை முறையும் வட்டாரப் பொருளாதாரமும்

வட அமெரிக்காவின் 13 பிரித்தானியக் குடியேற்றங்களிலும் அடிமை முறை இருந்தது; ஆனால் எங்கும் ஒரே அளவில் வேரூன்றவில்லை. நியூ இங்கிலாந்தில் பண்ணைகள் சிறியவை. பெரும்பாலும் குடும்பத்தினரே உழைத்தனர். மீன்பிடிப்பு, கப்பல் கட்டுதல், வணிகம் ஆகியவை அங்கு முக்கியத் தொழில்கள். தெற்கிலோ வர்ஜீனியாவில் புகையிலையும் தென் கரோலினாவில் நெல்லும் ஏற்றுமதிக்காகப் பெருந்தோட்டங்களில் விளைந்தன. அவற்றுக்குப் பெருமளவில் ஆட்கள் தேவைப்பட்டனர்.

1793-இல் எலி விட்னி உருவாக்கிய, பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறி பருத்திச் சாகுபடியை உள்நாட்டுக்கும் பரப்பியது. 1808-இல் அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்டும், 1790-இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறத்தாழ 40 இலட்சமாயினர். வர்ஜீனியாவிலிருந்து பலர் அலபாமா, மிசிசிப்பி பருத்தித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டனர், குடும்பங்கள் சிதறின. அடிமை முறையைக் கைவிட்ட வடக்கின் நெசவாலைகளும் அந்தப் பருத்தியைக் கொண்டே இயங்கின.